மாணவர் அந்தரங்கமும் பெற்றோர் உரிமையும்: யாழ்ப்பாணக் கல்வி வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

பல்கலைக்கழகத்திற் பயிலும் ஒருவரின் பரீட்சைப் பெறுபேறு, உடல்நலம், ஒழுக்காற்று விசாரணை, நட்புறவு முதலியன பற்றி அவரது பெற்றோருக்கு எப்போது அறிவிக்கலாம், எப்போது அறிவித்தல் ஆகாது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோருக்கு ஒரு சுற்றுநிருபத்தினால் தீர்க்கப்படக்கூடிய நிருவாக விடயமாகத் தோன்றலாம். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில், வீட்டுக்கு அனுப்பப்படும் ஒரு கடிதம் ஒரு மாணவியின் படிப்பையே நிறுத்திவிட வல்லது. அனுப்பப்படாத ஒரு கடிதம் ஒரு மாணவனின் உயிருக்கே உலை வைத்துவிடவும் கூடும். எனவே வினா சிறியதன்று.

இவ்வினா எழும்போதெல்லாம் இரு நிலைப்பாடுகள் முன்வைக்கப்படுவதைக் காண்கிறோம். பெற்றோர் அறியாத செய்தி பிள்ளைக்கு இருத்தலாகாது, அதுவே நமது பண்பாடு, அந்தரங்கம் என்பது மேனாட்டிலிருந்து வந்த சரக்கு என்பது ஒன்று. தனிமனிதனின் அந்தரங்கம் எக்காலத்தும் எவ்விடத்தும் மீறப்படலாகாது என்பது மற்றையது. முன்னையது, வரலாற்றில் தோன்றிய ஓர் உறவை இயற்கையான உறவாகக் காட்டுகின்றது. பின்னையது, அந்தத் தனிமனிதன் எந்தச் சோற்றை உண்டு, எவர் பணத்திற் படித்து, எந்த வீட்டுக்குத் திரும்பிச் செல்கிறான் என்பதை மறந்துவிடுகின்றது. இரண்டும் வரலாற்றைத் தவிர்ப்பவை.

குடாநாட்டின் கல்வி வரலாற்றைக் கூர்ந்து நோக்கின் ஒரு பொதுப் போக்குத் தெளிவாகும். மாணவனைப் பற்றிய செய்தி எவருக்குரியது என்பதை, அவனைப் பேணுவதற்கான செலவை எவர் ஏற்றனர் என்பதே பெரும்பாலும் தீர்மானித்து வந்துள்ளது. மாணவன் தன் செய்திக்குத் தானே உரியவன் என்னும் எண்ணம் மிகப் பிற்பட்ட காலத்தது. அது போராட்டங்களினூடாகவே வந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஒல்லாந்த ஆட்சியினரின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைச் சரிபார்த்தனர். 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அத்தொகுப்பின்படி, மணமாகாத மகன் ஈட்டிய பொருள், அவன் அணிந்த பொன், வெள்ளி அணிகள் நீங்கலாக, பெற்றோரின் பொதுச் சொத்தைச் சேரும். நிலத்தையும் சீதனத்தையும் அச்சாணியாகக் கொண்ட ஒரு சமூகத்தில், உழைப்பின் பயன் பெற்றோருக்கு உரியதாயின் உழைப்பவன் பற்றிய செய்தியும் அவர்களுக்கே உரியதாதல் இயல்பு. அங்கு அந்தரங்கம் என ஒன்று மறுக்கப்பட்டது என்று கூறுவதிலும், அதற்கான பொருளியல் அடிப்படை தோன்றவில்லை என்று கூறுவதே பொருந்தும்.

இவ்வுறவினுள் முதன்முதலில் மூன்றாந் தரப்பாக நுழைந்தது விடுதிப் பாடசாலை. 1816இல் குடாநாட்டிற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் 1824இல் உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கல்வியும் இலவசமாக வழங்கப்பட்டன. செலவை ஏற்றவர்கள் கடல்கடந்த அமெரிக்க நன்கொடையாளர். ஒரு பிள்ளையைப் பேணுவதற்குப் பணம் அனுப்பியவர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்பது வழக்கமாயிற்று. கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றவாறு யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் பெயர்களின் முன்னே நிற்கும் அந்நியப் பெயர்கள் இவ்வழக்கத்தை நினைவூட்டுவன. 1841இல் உதயதாரகை வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாயிருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் அச்செமினரியிற் கற்ற தமிழரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெயரே கைமாறியபின் செய்தி கைமாறியதில் வியப்பில்லை. செமினரி மூன்றாண்டுக்கொருமுறை அறிக்கை வெளியிட்டது. எவர் திருச்சபையிற் சேர்ந்தார், எவரது உள்ளம் இன்னும் இளகவில்லை என்பன போன்ற செய்திகள் மிஷனரிமாரின் கடிதங்கள் வழியாக பொஸ்ரன் நகரத்துக்குச் சென்று அச்சேறின. மகனின் ஆன்மிக நிலை பற்றிச் சங்கானையிலிருந்த தந்தை அறியுமுன் மசசூசெற்ஸ் மாநிலத்து நன்கொடையாளர் அறியும் நிலை உருவாயிற்று. உடுவிலில் இது மேலும் ஆழமாயிற்று. செமினரியிற் கற்ற இளைஞருக்குக் கல்விகற்ற கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குதல் அப்பாடசாலையின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று. மணமாகும் மாணவியருக்கு மிஷன் சிறு சீதனமும் கொடுத்தது. சீதனம் கொடுப்பவர் யாரோ அவரே மணம் பேசுபவர் என்னும் யாழ்ப்பாண விதியை மிஷனரிமார் விரைவிற் கற்றுக்கொண்டனர் எனலாம்.

பெற்றோரும் வாளாவிருக்கவில்லை. சமையலும் உணவும் பற்றிய சாதி அச்சங்கள், பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்னும் கவலை ஆகியன ஓயாத இழுபறியைத் தோற்றுவித்தன. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையைப் பெற்றோரின் அக்கவலைக்கான நிறுவன வடிவம் என்றும் கொள்ளலாம். இவ்விழுபறி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1839இல் பம்பாயில் ஜோன் வில்சனிடம் கற்ற பார்சி இளைஞர் இருவர் மதம் மாறியபோது வழக்கு அங்கிருந்த உச்ச நீதிமன்றுக்குச் சென்றது. அவர்களுள் ஒருவர் தாமே முடிவெடுக்கும் வயதினர் என நீதிமன்று கொண்டது. மாணவனின் சொந்த விருப்பம் என்பது சட்டத்தின் முன் ஒரு பொருளாக நிறுத்தப்பட்ட தொடக்ககாலச் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. ஆயினும் அவ்விருப்பம் தனித்து நின்று பேசவில்லை. தந்தையின் அதிகாரத்துக்கு எதிராகப் பாதிரியாரின் அதிகாரம் ஏந்திய கேடயமாகவே அது முதலிற் பயன்பட்டது.

3

1855இல் ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழுவின் வருகையை அடுத்துச் செமினரி மூடப்பட்டது. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவானது. இவற்றுக்கிடையே ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்திருந்தது. ஆங்கிலக் கல்வி இப்பொழுது நன்கொடையாளரின் தருமம் அன்று. அது பெற்றோர் பணம் கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழி இக்காலத்தின் தத்துவத்தைச் சுருங்கக் கூறுகின்றது. காணியை ஈடுவைத்து மகனைப் படிப்பித்த குடும்பம், அவன் கொழும்பிலோ மலாயாவின் புகையிரதப் பகுதியிலோ எழுதுவினைஞனாகி அனுப்பும் மணியோடரை எதிர்பார்த்திருந்தது. அம்மணியோடரே தங்கையின் சீதனம், தம்பியின் கல்லூரிக் கட்டணம், கல்வீடு அனைத்துமாயிற்று.

இந்நிலையிற் பாடசாலை பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கை ஒரு முதலீட்டாளருக்கு அனுப்பப்படும் கணக்கறிக்கையின் தன்மையைப் பெற்றது. ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்பம்’ என்னும் ஒரு வரி இன்றும் நமது பாடசாலைப் பத்திரங்களின் அடியில் உள்ளது. அவ்வரியிற் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் கருத்துநிலை அவ்விரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. பெற்றோர் வன்னெஞ்சர் என்பது எமது வாதமன்று. அன்பு தன்னை வெளிப்படுத்துவதற்குக் கண்காணிப்பைத் தவிர வேறு மொழியை அவர்களுக்கு இப்பொருளியல் அமைப்புக் கற்பிக்கவில்லை.

பெற்றோர் உரிமை என்னும் பதாகை எல்லாக் காலத்திலும் பெற்றோர் அனைவருக்கும் உரியதாக இருந்ததுமில்லை. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என 1920களின் இறுதியில் வற்புறுத்தப்பட்டபோது, தம் பிள்ளைகள் எவரருகே அமர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தமக்குண்டு என்று உயர்சாதிப் பெற்றோர் பலர் கிளர்ந்தெழுந்தனர். தம் பிள்ளைகள் நிலத்தில் அமர்த்தப்பட்டதை அறிந்திருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பெற்றோர்க்கு அத்தகைய உரிமை இருப்பதாக எவரும் கருதவில்லை. அதே காலத்தில், 1924இல் மாணவர் மகாநாடாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதி ஒழிப்பையும் தேசிய விடுதலையையும் பேசிற்று. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோரைச் சூழ்ந்த அவ்வியக்கத்திலேதான் மாணவன் வீட்டின் பிள்ளையாக மட்டுமன்றிச் சமூகத்தின் உறுப்பினனாகவும் பேசத் தொடங்கினான்.

இலக்கியத்திலும் இதற்கு இணையான அசைவு தென்படுகின்றது. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவல், மணவாழ்வில் அல்லலுறும் ஒரு பெண்ணின் உள்ளத்தைப் பொருளாகக் கொண்டது. கல்விகற்ற பெண்ணொருவர் இன்னொரு பெண்ணின் உள்ளத்தை எழுத முற்பட்டமை, குடும்பத்தின் கணக்கில் அடங்காத ஓர் அகவுலகம் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு உண்டு என்பதற்கான ஆரம்ப வாக்குமூலங்களுள் ஒன்றாகும்.

4

சட்டம் இவ்வகவுலகை மெதுவாகவே ஏற்றது. 1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையிற் பராயமடையும் வயதை 21 என வகுத்தது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அதனை 18 ஆக்கிற்று. இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். யாழ்ப்பாண வளாகம் 1974 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அதனுட் காலடி வைத்த புதுமுக மாணவருட் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணிற் சிறுவரே. வளாகத்தின் கலைப்பிரிவு திருநெல்வேலியில், முன்னர் பரமேஸ்வராக் கல்லூரி இயங்கிய இடத்தில் அமைந்தது. விஞ்ஞானப் பிரிவோ தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில், பழைய செமினரி நின்ற அதே சூழலில் இயங்கியது. இடம் மட்டுமன்றி, கல்விநிறுவனம் பெற்றோரின் தானத்தில் நிற்கின்றது என்னும் பழைய எண்ணமும் அங்கே காத்திருந்தது.

அவ்வெண்ணம் அமெரிக்காவில் அவ்வேளை ஆட்டங்கண்டுவிட்டது. 1913இல் கென்ரக்கி மாநில நீதிமன்று ஒன்று, கல்லூரி பெற்றோரின் தானத்தில் நிற்பதால் மாணவர் எங்கு உண்ணலாம் என்பதையும் அது விதிக்கலாம் என்று கூறியிருந்தது. அதனைத் தகர்த்தவர்கள் சட்ட வல்லுநர் மட்டுமல்லர். 1960இல் அலபாமா மாநிலத்தில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய இடத்தில் அமர்ந்து போராடிய கறுப்பின மாணவர் சிலரைக் கல்லூரி விசாரணையின்றி வெளியேற்றிற்று. 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்று, அரசாங்கக் கல்லூரி மாணவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கப்பட வேண்டியவர் என்று தீர்த்தது. மாணவர் பிள்ளை நிலையிலிருந்து குடிமக்கள் நிலைக்கு உயர்ந்தமை இனவொடுக்கலுக்கு எதிரான போராட்டத்தின் விளைவு.

யாழ்ப்பாண வளாகம் தோன்றிய அதே 1974இல் ஐக்கிய அமெரிக்கா, கல்விப் பதிவேடுகள் பற்றிய உரிமைகளைக் கல்லூரி மாணவரிடமே ஒப்படைக்கும் சட்டத்தை இயற்றியது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அவசர ஆபத்து நேரின் மாணவரின் சம்மதமின்றியும் பெற்றோருக்கு அறிவிக்கலாம் என அது விலக்களிக்கின்றது. இது நியாயமானது. ஆனால் இன்னொரு விலக்கும் அங்கே உண்டு. வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருப்பவராகக் காட்டப்பட்ட மாணவரின் பதிவேட்டைப் பெற்றோருக்குக் காட்டலாம். முன்கதவால் வெளியேற்றப்பட்ட பணம் பின்கதவால் நுழைந்து தன் உரிமையை நிலைநாட்டிக் கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் நிலை வேறன்று. 1981இல் தோன்றிய மகாபொல நிதியமும் பிற உதவிப்பணங்களும் பெற்றோரின் வருமானத்தை அளவுகோலாகக் கொள்கின்றன. பதினெட்டு நிரம்பியவர் வாக்களிக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம்; உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவர் மீண்டும் ஒரு வீட்டின் பிள்ளையாகிறார். 1983இன் பின்னர் மலாயா மணியோடரின் இடத்தை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்து உண்டியலிலும் வங்கியிலும் வந்த பணம் பிடித்தது. பணம் அனுப்பும் அண்ணரும் மாமாவும் செய்தி கேட்கும் உரிமையைத் தொலைவிலிருந்தே பெற்றனர்.

5

போர்க்காலம் இவ்வினாவைத் தலைகீழாக்கிற்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர் நீண்ட காலம் தடுத்துவைக்கப்படலாயினர். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவிப்பதா என்ற வினா, இப்பொழுது பல்கலைக்கழக நிருவாகத்தை நோக்கியன்றி அரசை நோக்கி எழுந்தது. கைதுசெய்யப்பட்ட இளைஞரின் விடுதலை கோரி 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாயிற்று. 2017 முதல் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வடக்கிலே தெருவோரங்களில் அமர்ந்து கேட்டதும் அதே கேள்வியைத்தான். அத்தாய்மாரின் அறியும் உரிமை, கட்டணம் செலுத்தியவரின் உரிமையன்று. அதிகாரம் மறைத்ததை வெளிக்கொணரும் மானிட உரிமை அது.

மறுபுறத்தில், பெயர் வெளிப்படுதலே மரணமாகக்கூடிய சூழலில் அந்தரங்கம் ஆடம்பரம் என்ற கூற்றும் பொய்த்தது. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு, எல்லாத் தரப்பினரின் வன்முறைகளையும் பதிவுசெய்தது. சாட்சிகூறிய எளிய மக்களின் அடையாளத்தைக் காத்தல் அப்பணியின் உயிர்நாடியாயிருந்தது. அவ்வமைப்பை உருவாக்கியோருள் ஒருவரான உடற்கூற்றியற்றுறைத் தலைவர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இற் சுட்டுக்கொல்லப்பட்டார். இளைஞரைச் சட்டம் பதினெட்டு வயதில் வளர்ந்தோராக ஏற்ற ஆண்டும் அதுவே.

இவ்விரு அனுபவங்களிலிருந்தும் ஒரு வேறுபாட்டை நாம் வகுத்துக்கொள்ளலாம். அந்தரங்கம் வேறு, இரகசியம் வேறு. வலியவரின் பார்வையிலிருந்து எளியவரைக் காப்பது அந்தரங்கம். எளியவரின் கேள்வியிலிருந்து வலியவரைக் காப்பது இரகசியம். இதற்குப் பகிடிவதை தக்க உதாரணமாகும். 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக இறந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. சிரேட்ட மாணவர் விதிக்கும் ‘வீட்டிற் சொல்லாதே’ என்னும் கட்டளையை மாணவர் அந்தரங்கம் என்று எவரும் கொள்ளார். அது இரகசியம். நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க அவ்விரகசியத்துக்கு உடந்தையாகும் நிருவாகம், தான் மாணவரின் உரிமையைக் காப்பதாகக் கூறிக்கொள்ள முடியாது.

இதற்கு எதிரான உதாரணமும் நமக்கு அந்நியமன்று. வேறு சாதியைச் சேர்ந்த ஒருவருடன் பழகும் மாணவி பற்றி விடுதியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் செய்தி எத்தகையது? அங்கே ஆபத்து வளாகத்தில் இல்லை, வீட்டிலேயே இருக்கின்றது. அச்செய்தியை அறிவிப்பவர் பெற்றோரின் கவலையைத் தீர்ப்பதாக எண்ணலாம். உண்மையில் அவர் சாதியமைப்பின் தூதுவராகவே தொழிற்படுகிறார். சம ஆசனத்தை எதிர்த்த பெற்றோர் உரிமையின் தொடர்ச்சி அது.

6

தமிழ்ப் பண்பாடு பெற்றோரிடம் எதையும் மறைக்க இடந்தராது என்று கூறுவோர், அப்பண்பாட்டின் ஆகப் பழைய இலக்கிய மரபைச் சற்று நோக்குதல் நன்று. அகப்பாடல் தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை. ஊரார் தூற்றும் அலரை அது அறத்தின் குரலாக ஏற்பதுமில்லை. தலைவியின் காதலை வீட்டார்க்கு வெளிப்படுத்தும் நிகழ்ச்சிக்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். அது வரையறையற்ற செயலன்று. தலைவியின் குறிப்பறிந்து தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் எனப் படிப்படியாகவே செய்தி செல்லும். அயலார் மணம்பேசி வருதல், வெறியாட்டு நிகழ்தல் போன்ற நெருக்கடி நேரும்போதே அது நிகழும். கற்பு என்னும் கருத்துநிலைக்குள் அமைந்தது இம்மரபு என்பதை நாம் மறுக்கவில்லை. அதனைப் பொற்காலச் சான்றாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஆயினும் எவர் நலனுக்காக, எவர் சம்மதத்துடன், எந்த நெருக்கடியில், எவர் வாயிலாக என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பாது செய்தியை வெளியிடுதல் அறமாகாது என்ற உணர்வு அம்மரபுக்கு இருந்தது.

நம் காலத்துக்கு ஏற்ற நெறியையும் அவ்வினாக்களைக் கொண்டே வகுக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து நேருமிடத்து வீட்டுக்கு அறிவித்தல் கடமை. அவ்விடத்தும் வேண்டிய அளவே அறிவிக்கப்பட வேண்டும், இயன்றவரை மாணவர் அதனை முன்னரே அறிய வேண்டும். வீடே ஆபத்தின் இடமாயின், மாணவர் தாமே முன்கூட்டிப் பெயர் குறித்த நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அறிவித்தல் தகும். பெறுபேறும் நட்பும் அரசியலும் மாணவரின் சம்மதமின்றி வீட்டுக்குச் செல்ல வேண்டியவையல்ல. நிறுவனத்தின் தவறால் நேர்ந்த காயமும் மரணமும் ஒருபோதும் மறைக்கப்படலாகா. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அந்தரங்க உரிமையை வெளிப்படையாக உறுதிசெய்யவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்திசையில் இடப்பட்ட சில அடிகள்.

ஆயின் சட்டம் மட்டும் போதாது. விடுதிக் கட்டணமும் உணவும் புத்தகமும் வீட்டுப் பணத்தில் தங்கியிருக்கும்வரை, பதினெட்டு வயது தரும் உரிமை கடதாசியளவிலேயே நிற்கும். தந்தையின் பணம் நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்று அஞ்சும் மாணவி, எந்தச் சட்டத்தைக் காட்டித் தன் அந்தரங்கத்தைக் காப்பாள்? எனவே மாணவர் அந்தரங்கத்துக்கான கோரிக்கை, போதிய உதவிப்பணத்துக்கும் விடுதி வசதிக்கும் இலவசக் கல்வியின் பாதுகாப்புக்குமான கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது. அவ்வாறு தன் காலில் நிற்கும் பிள்ளை பெற்றோரை மறந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. வீட்டுக்கு என்ன எழுதுவது என்பதை அச்சமின்றித் தானே தீர்மானிக்கும் பிள்ளையின் கடிதமே, எந்தப் பதிவாளரின் அறிக்கையினும் பெற்றோருக்கு மெய்ச்செய்தி தருவதாகும்.